தங்கை வீட்டுத் தோட்டம், நடுக்கடலில்

டிசம்பர் பிறந்துவிட்டால் நியூசிலாந்தின் ஆக்லாந்து விமான நிலையத்தில் சமோவா செல்லும் வரிசை நீளத் தொடங்கிவிடும். தள்ளுவண்டிகளில் கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகள், டின் மீன், டின் இறைச்சி, பள்ளிப் பைகள், ஒரு மண்வெட்டி, ஒரு களைக்கொல்லித் தெளிப்பான். வரிசையில் நிற்பவர்களில் பலர் கடற்கரை பார்க்கப் போகிறவர்கள் அல்ல. கூடப்பிறந்தவர்களைப் பார்க்கப் போகிறவர்கள்.

அப்படிப் போகும் ஓர் அண்ணனை மனதில் வைத்துக்கொண்டு இந்த இதழில் அந்தத் தீவுக்குப் போய்வரலாம். பெயர் வேண்டாம், சமோவாவில் ஊருக்கு ஊர் இப்படி ஒருவர் உண்டு. வயது ஐம்பத்து மூன்று. 1994ல், கிழங்குப் பயிர் அழிந்த மறு வருடம், தொழிற்சாலை வேலை தேடி ஊரை விட்டவர். தங்கை ஊரிலேயே தங்கி, குடும்பத்து நிலத்தில் பயிர் செய்கிறாள். மாப்பிள்ளை பக்கத்து ஊர்க்காரர். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வீட்டு நிலத்துக்கு வந்து சேர்ந்தவர். அங்கே பெண்தான் பெரும்பாலும் புருஷன் ஊருக்குப் போவாள். இப்படி மாறி நடப்பதும் உண்டு, அதை யாரும் குறையாகப் பேசுவதில்லை.

பசிபிக் கடலின் நடுவில், பாலினீசியத் தீவுக் கூட்டத்தில் இருக்கிறது சமோவா. உபோலு, சவாய் என்று இரண்டு பெரிய தீவுகள். மக்கள்தொகை சுமார் இரண்டு லட்சம். நம் ஊரில் நடுத்தரமான ஒரு நகரத்தின் அளவு. 1962ல் நியூசிலாந்திடமிருந்து விடுதலை பெற்றது. அதற்கு முன்னும் பின்னும் அலை அலையாக ஆட்கள் நியூசிலாந்துத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். 2018 கணக்கெடுப்பில் நியூசிலாந்தில் மட்டும் 1,82,000க்கும் மேற்பட்ட சமோவாக்காரர்கள். கிட்டத்தட்ட வீட்டுக்குள் இருப்பவர் எத்தனையோ, வெளியில் இருப்பவரும் அத்தனை. அவர்கள் அனுப்பும் பணம் நாட்டு மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு.

இந்தச் சொந்தபந்தம் எவ்வளவு ஆழம் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். 2009 வரை சமோவாவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடின. அந்த வருடம் செப்டம்பரில் அரசு ஒரே நாளில் எல்லா வண்டியையும் இடப்பக்கத்துக்கு மாற்றியது. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இடப்பக்கம்தான். அங்கிருக்கும் அண்ணன் தம்பிகள் பழைய காரை மலிவாக வாங்கி ஊருக்கு அனுப்ப வசதியாக இருக்கட்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. உறவுக்காக சாலை விதியையே மாற்றிய நாடு வேறெங்கும் இருக்குமா தெரியாது.

ஆக்லாந்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் விமானம் இறங்கிவிடும். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே முலிஃபானுவா துறை. அங்கிருந்து கப்பலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் சவாய் தீவு. பிறகு மரத்தால் கூடு கட்டி, பளிச்சென்று வண்ணம் அடித்த பேருந்து. இடம் இல்லாவிட்டால் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்துகொள்வார்கள்.

வீட்டு வாசலில் தங்கை நிற்கிறாள். வாசல் என்பதே நம் வசதிக்குச் சொல்வதுதான். பழைய முறை சமோவா வீட்டுக்குச் சுவர் கிடையாது. சுற்றிலும் தூண், மேலே கூரை. மழை வந்தால் தென்னோலையில் பின்னிய தட்டிகளை இறக்கிவிடுவார்கள். இப்போது தகரக் கூரையும் கல்சுவரும் வந்துவிட்டன. ஆனாலும் பல வீட்டில் முன்பக்கம் திறந்த கொட்டகை ஒன்று இருக்கும். விருந்தாளி அங்கேதான் உட்கார வேண்டும்.

அண்ணன் உட்கார்ந்ததும் தங்கை ஒரு பாயை விரித்துப் போடுகிறாள். தாழை மடலைப் பட்டுப் போல் மெலிதாகக் கிழித்துப் பின்னிய பாய். பின்ன மாதக்கணக்கில் ஆகும். நல்ல பாய் உட்காருவதற்கு இல்லை. கல்யாணம், சாவு, பட்டம் சூட்டுதல் என்று சபையில் வைத்துக் கொடுப்பதற்கு. இந்தப் பாய் பின்னும் கலையை 2019ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பத்தமடைப் பாயைக் கல்யாணச் சீரில் வைக்கும் நம் ஊர்ப் பெண்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம்.

சமோவா மொழியில் அண்ணன், தம்பி என்ற வேறுபாடு ஒரு பெண்ணுக்குக் கிடையாது. கூடப்பிறந்த ஆண் யாராக இருந்தாலும் துவாங்கானே. ஆணுக்குக் கூடப்பிறந்த பெண் துவாஃபாஃபினே. ஆனால் அந்த உறவுக்கு அவர்கள் கொடுக்கும் எடை பெரிது. அதற்கு ஃபேயாங்காயிங்கா என்று பெயர், உடன்படிக்கை என்று பொருள். கூடப்பிறந்தவளுக்கு முன் கெட்ட வார்த்தை பேசக் கூடாது. அவள் கேட்டதை மறுக்கக் கூடாது. குடும்பப் பேச்சில் அவள் சொல்லுக்குத் தனி மதிப்பு. கூடப்பிறந்தவள் ஆணின் கண்மணி என்று ஒரு பழமொழியே உண்டு. தாய்மாமன் சீர் தெரிந்தவர்களுக்கு இது பழகிய வீட்டுக்குள் நுழைந்தது போலத்தான் இருக்கும்.

மறுத்துப் பேச முடியாத அந்த உறவில்தான் இந்த முறை ஒரு சிக்கல். அதற்கு முன் தோட்டத்தைப் பார்த்துவிடலாம்.

சவாய் எரிமலைத் தீவு. 1905ல் வெடித்த மாத்தவானு எரிமலை 1911 வரை குழம்பு கக்கியது. சில ஊர்களை மூடிய அந்தக் கருங்கல் பரப்பு இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. பழைய குழம்பு மக்கிய இடங்களில் மண் உண்டு, ஆனால் கல்லுக்கு நடுவில். ஏர் ஓட்ட வழியில்லை. ஓசோ என்று ஒரு கூர்மரக் கம்பு, ஆளுயரம் இருக்கும். அதைக் கல் இடுக்கில் குத்தி, ஆட்டி, குழி பண்ணி, சேம்பு நாற்றை இறக்கி, காலால் மண்ணை லேசாகத் தள்ளிவிடுவார்கள். நாற்று என்பது முற்றிய கிழங்கின் தலைத்துண்டும் அதோடு ஒரு முழம் தண்டும். கிழங்கை வெட்டிச் சமையலுக்கு, தலையை மறுபடி மண்ணுக்கு.

நம் ஊர்ச் சேப்பங்கிழங்கும் இதுவும் ஒரே இனம். நம்முடையதில் தாய்க்கிழங்கைச் சுற்றிச் சிறு கிழங்குகள் நிறைய வரும், அவற்றைத்தான் வறுக்கிறோம். அங்கே ஒரே பெரிய தாய்க்கிழங்கு. நன்றாக வந்தால் ஒரு கிலோவுக்கு மேல். நட்ட ஆறேழு மாதத்தில் எடுக்கலாம். சோறு என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்களுக்கு இதுதான்.

1990 பிப்ரவரியில் ஓஃபா புயல், 1991 டிசம்பரில் வால் புயல். இரண்டும் தீவைப் புரட்டிப் போட்டன. ஈரப்பலா, தென்னை, வாழை எல்லாம் போயின. சீக்கிரம் சாப்பாடும் காசும் வேண்டும் என்று எல்லோரும் சேம்பு நட்டார்கள். அதிலும் ஒரே ரகம், நியூவே. வெளிநாட்டுச் சந்தையில் அதற்குத்தான் விலை. நாற்று ஊர் ஊராகக் கைமாறியது. 1993ல் சேம்புதான் நாட்டின் பெரிய ஏற்றுமதிப் பொருள்.

அந்த வருட நடுவில் உபோலு தீவில் இலைக்கருகல் தென்பட்டது. ஃபைட்டாஃப்தோரா கொலக்கேசியே என்ற நோய்க்கிருமி. நீலகிரியில் உருளைக்கிழங்கை அழிக்கும் கருகல் நோய்க்கிருமியின் பங்காளி. இலையில் முதலில் நீர் கோர்த்த மாதிரி வட்டப் புள்ளி. அது பழுப்பாகி விரியும். ஓரத்தில் மஞ்சள், ஆரஞ்சு நிறத்தில் சிறு துளிகள் கசியும். இரவு ஈரமும் மழைச் சாரலும் இருந்தால் போதும், ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குத் தாவும். நாற்பது நாள் நிற்க வேண்டிய இலை இருபது நாள் நிற்காது. இலை இல்லாமல் கிழங்கு எப்படிப் பருக்கும்? எல்லா வயலிலும் ஒரே ரகம், அதற்கு எதிர்ப்புச் சக்தி இல்லை. மறு வருடம் ஏற்றுமதி ஏறக்குறைய நின்றே போனது.

அண்ணன் ஊரை விட்டது அப்போதுதான். தங்கை விடவில்லை. வாழை, கறிவேலைக்கு ஈரப்பலா, கொஞ்சம் கொக்கோ என்று ஓட்டினாள்.

பிறகு நடந்ததுதான் நம் விவசாயிகள் கவனிக்க வேண்டியது. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஒரு ரகம் கருகலைத் தாங்கியது. ஃபிலி என்று பெயர் வைத்து அதை நட்டார்கள். பலாவு முதலான தீவு ரகங்களும் வந்தன. அலாஃபுவாவில் உள்ள தென் பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில் இவற்றை உள்ளூர் ரகங்களோடு கலந்து புது நாற்றுகள் உண்டாக்கினார்கள். முக்கியம் என்னவென்றால், நல்லது எது என்று வளாகத்திலேயே முடிவு கட்டிவிடவில்லை. நாற்றை விவசாயிகள் கையில் கொடுத்து, அவரவர் வயலில் நட வைத்து, கூட்டம் போட்டுக் கேட்டார்கள். கருகல் தாங்குகிறதா என்பது ஒரு கேள்வி. வேகவைத்தால் மாவாக இருக்கிறதா, நாக்கு அரிக்கிறதா, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் வைக்கத் தகுமா என்பதெல்லாம் அடுத்த கேள்விகள். தாங்கும் ஆனால் ருசியில்லை என்றால் பெண்கள் நடமாட்டார்கள். இப்படிப் பல சுற்றுக் கலப்புக்குப் பிறகு 2010 வாக்கில் மறுபடி ஏற்றுமதி தொடங்கியது. பதினாறு, பதினேழு வருடம்.

தங்கையின் வயலில் இப்போது நாலைந்து ரகம் கலந்து நிற்கிறது. வரிசைக்கு நடுவே கல்யாண முருங்கை இனத்து மரங்கள். கிளையை வெட்டி வெட்டிச் செடியடியில் போடுகிறாள். களையும் அடங்கும், மண்ணுக்குத் தழையும் ஆகும். அண்ணன் சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்பா காலத்துல ஒரே ரகமா பச்சைப்பாய் விரிச்ச மாதிரி இருக்கும்" என்கிறார்.

"அதான் மொத்தமா போச்சு" என்கிறாள் தங்கை.

மழைக்காலத்தில் சேம்பு இலைக்கருகல் பற்றிக் கேட்கும் நம் வாசகர்களுக்கும் இதே விடைதான் முதலில். நோய் இல்லாத வயலிலிருந்து விதைக்கிழங்கு எடுங்கள். இடைவெளி விட்டு நடுங்கள். முதல் புள்ளி தெரிந்த இலைகளை அறுத்து வயலுக்கு வெளியே அழியுங்கள். மழை தொடர்ந்தால் மெட்டலாக்சிலும் மேங்கோசெப்பும் கலந்த மருந்து உதவும். அளவை டப்பாவிலுள்ள குறிப்பின்படி வையுங்கள். மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் முக்தகேசி ரகம் கருகலைத் தாங்கக்கூடியது. ஆனால் முழு வயலுக்கும் அது ஒன்றையே நட்டுவிட வேண்டாம்.

சேம்பைத் தாண்டினால் தென்னை. அங்கே நமக்குத் தெரிந்த ஒரு விருந்தாளி இருக்கிறது. குருத்தோலை விரியும்போது கத்தரியால் வெட்டின மாதிரி முக்கோண வெட்டு. காண்டாமிருக வண்டு! அது அந்தத் தீவுக்குச் சொந்தமானது அல்ல. 1909ல், ஜெர்மானியர் ஆட்சியில், இலங்கையிலிருந்து கொண்டுவந்த ரப்பர் நாற்றுகளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நம் பக்கத்துக் கடலிலிருந்து போன பூச்சி. நம் நாட்டில் அதைத் தின்னவும் நோயாக்கவும் ஏதாவது இருக்கும். அங்கே எதுவும் இல்லை. கண்மண் தெரியாமல் பெருகியது. ஊர் ஊராகப் புழுவும் வண்டும் பொறுக்குவதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். அப்படியும் அடங்கவில்லை.

1963ல் மலேசியாவில் அலோய்ஸ் ஹூகர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, இந்த வண்டின் புழுக்களைக் கொல்லும் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார். 1967ல் அது சமோவாவில் விடப்பட்டது. நோய் பிடித்த வண்டு உடனே சாவதில்லை. பறக்கும், சாணமும் மட்கும் உள்ள இடத்துக்குப் போகும், தன் கழிவால் மற்ற வண்டுகளுக்கும் புழுக்களுக்கும் நோயைக் கொடுக்கும். வண்டை வைத்தே வண்டுக்கு மருந்து. சில வருடங்களில் தென்னையின் சேதம் வெகுவாகக் குறைந்தது. பிறகு பசிபிக்கின் மற்ற தீவுகளும் இதைக் கொண்டுபோயின; இந்தியாவில் 1980களில் லட்சத்தீவின் மினிக்காயிலும் விட்டுப் பார்த்தார்கள். ஆனால் கதை முடியவில்லை. 2007ல் குவாம் தீவில் தென்பட்ட ஒரு வகை வண்டுக்கு அந்தப் பழைய வைரஸ் சரியாகப் பிடிப்பதில்லை. அது தீவு தீவாகப் பரவிக்கொண்டிருக்கிறது.

தங்கை தோப்பில் செய்வது எளிய வேலைதான். விழுந்த மரத்தை அப்படியே மட்க விடுவதில்லை. வெட்டிப் பிளந்து அப்புறப்படுத்துகிறாள், ஏனென்றால் புழு வளர்வது அதற்குள்தான். நம் ஊரில் எருக்குழியில் பச்சை மஸ்கார்டின் பூஞ்சையைக் கலப்பதும், குருத்தின் அடியில் உள்ள மூன்று மட்டை இடுக்கில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்குக்கு மணல் இரண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம் வைப்பதும், ஐந்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கைக் கரைத்துச் சட்டிகளில் வைத்து வண்டை இழுப்பதும் பலன் தருபவை. எருக்குழியை மறந்துவிட்டு மரத்தில் மட்டும் மருந்து வைப்பவர்கள் வருடா வருடம் அதே கேள்வியைத்தான் எழுதி அனுப்புகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே வீட்டில் புகை. உமு என்பது கல் அடுப்பு. விறகு எரித்துக் கல்லைச் சூடாக்கி, அதன் மேல் சேம்பு, ஈரப்பலா, மீன், தேங்காய்ப்பால் ஊற்றி மடித்த சேம்பு இலைப் பொட்டலம் எல்லாம் அடுக்கி, வாழை இலையால் மூடிவிடுவார்கள். இந்த வேலை பெண்களுடையது அல்ல, வீட்டுப் பையன்களுடையது. தங்கையின் மூத்த மகன், இருபத்திரண்டு வயது, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு தேங்காய் துருவுகிறான். அண்ணன் அடுப்படிக்குப் போய் அவன் பக்கத்தில் உட்காருகிறார். கூடப்பிறந்தவள் வீட்டில் அவரும் வேலைக்காரர்தான்.

அன்று மாலை, ஊர் முழுக்கச் சங்கு ஊதி, எல்லோரும் வீட்டுக்குள் உட்கார்ந்து ஜபம் முடித்த பிறகு, தங்கை பேச்சை எடுக்கிறாள்.

"பையன் பழம் பறிக்கிற வேலைக்கு வர்றேங்கிறான். நீங்கதான் அங்க பார்த்துச் சேர்த்துவிடணும்."

2007ல் நியூசிலாந்து ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆப்பிள், கிவி, திராட்சைத் தோட்டங்களுக்குத் தீவுகளிலிருந்து பருவகால ஆட்களை எடுப்பது. ஏழு மாதம் வேலை, பிறகு திரும்பிவிட வேண்டும். அந்த ஏழு மாதக் கூலி, ஊரில் சேம்பு விற்று வருடக்கணக்கில் சேர்ப்பதைவிட அதிகம். சம்பாதித்த காசில் தகரக் கூரை போடுகிறார்கள், படகு வாங்குகிறார்கள், தம்பி தங்கையைப் படிக்க வைக்கிறார்கள். இன்னொரு பக்கம், ஓசோ பிடிக்கும் வயதுள்ளவர்கள் ஊரில் குறைந்துகொண்டே போகிறார்கள். 2023ல் சமோவா அரசே உட்கார்ந்து இந்தத் திட்டத்தை மறுபரிசீலனை செய்தது.

அண்ணன் உடனே பதில் சொல்லவில்லை. மறுக்கவும் முடியாது, அது உடன்படிக்கை. ஆனால் அவருக்குத் தெரிந்த கணக்கு வேறு. அவரும் இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லித்தான் போனார். முப்பது வருடம் ஆகிவிட்டது. அவர் பிள்ளைகளுக்குச் சேம்பு கடையில் கிடைக்கும் பொருள்.

"அவன் போனா நடுறது யாரு?"

"நாங்க ரெண்டு பேரும் நடுவோம். இத்தனை நாள் நடலையா?"

"உனக்கு முட்டி வலி. மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்குது."

"பாதி நடுவோம்."

சமோவாவில் ஐந்தில் நான்கு பங்கு நிலம் குடும்பப் பொது நிலம். விற்க முடியாது. மத்தாய் என்ற குடும்பத் தலைவர் பெயரில் இருக்கும்; அந்தத் தலைவரைக் குடும்பமே கூடித் தேர்ந்தெடுக்கும். கடன்காரனோ கம்பெனியோ எடுத்துக்கொள்ள முடியாது என்பது பெரிய பலம். ஆனால் சட்டம் நிலத்தைக் காப்பாற்றலாம், களை பிடுங்க வராது. பாதி நிலம் இரண்டு வருடம் சும்மா கிடந்தால் அந்த மழைக்குக் காடு ஏறிவிடும். நிலம் கைவிட்டுப் போனதற்கும் காடாகிப் போனதற்கும் சாப்பாட்டுத் தட்டில் பெரிய வித்தியாசம் இல்லை.

மறுநாள் பேச்சு வேறு வடிவம் எடுத்தது. ஒரு பருவம் மட்டும் போகட்டும் என்றார் அண்ணன். நவம்பருக்கு முன் நட்டு முடித்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வரும்போது அறுவடைக்குத் தயாராக இருக்கும். சேம்புக்கும் ஏழு மாதம், அவர்கள் திட்டத்துக்கும் ஏழு மாதம். நடுவில் களை எடுக்கக் கூலி ஆளுக்கு மாதாமாதம் தானே பணம் அனுப்புவதாகச் சொன்னார். சர்ச் காணிக்கைக்கும் சாவுச் செலவுக்கும் அனுப்புவதைச் சபையில் பெயர் சொல்லி வாசிப்பார்கள். களைக்கூலியை யாரும் வாசிக்க மாட்டார்கள். தங்கை சிரித்துவிட்டாள். சரி என்று அவளும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பையன் வாய் திறக்கவே இல்லை. அவன் மனதில் எத்தனை பருவம் இருக்கிறதோ.

கிளம்புவதற்கு முதல் நாள் அண்ணன் ஓசோவை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். கை பழக்கம் போய்விட்டது. முதல் பத்துக் குழியில் நாலு, கல்லில் பட்டு வளைந்தது. மருமகன் பின்னாலேயே வந்து நாற்றை இறக்கினான். மதியம் வரை இருவருமாக நூறு குழி. வெயில் ஏறியதும் தங்கை இளநீர் கொண்டுவந்தாள்.

போகும்போது ஐஸ் பெட்டி நிறையச் சமைத்த சேம்பும் இலைப் பொட்டலமும் கட்டிக் கொடுத்தாள். மேலே மடித்து வைத்த ஒரு தாழம்பாய். ஆக்லாந்தில் இறங்கியதும் எல்லாவற்றையும் அதிகாரியிடம் சொல்லிக் காட்டியாக வேண்டும். மறைத்தால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். நட்டு முளைக்கக்கூடிய நாற்றைத் தொடவே கூடாது. 1909ல் ரப்பர் நாற்றோடு வண்டு வந்த கதை தெரிந்தவர்களுக்கு அந்தக் கண்டிப்பின் மேல் கோபம் வராது.

கப்பல் துறைவரை மருமகன் வந்தான். "அந்த ஓரத்து வரிசை நீங்க நட்டது மாமா. கிழங்கு எடுக்கும்போது படம் பிடிச்சு அனுப்புறேன்" என்றான். "யாரு எடுக்குறாங்கன்னும் படத்துல தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் படியேறினார்.